ரிப்பேர் பண்ண வந்தவன் வாசிக்கலாமா?

போன மாதம் ஒரு வாசிப்பு வட்டத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மின்னணு இசை பற்றிப் பேசிவிட்டு, கையோடு எடுத்துப் போயிருந்த சின்ன சிந்தசைசர் பெட்டியில் பத்து நிமிடம் வாசித்தும் காட்டினேன். முடிந்ததும் மூத்த தோழர் ஒருவர் எழுந்தார். முப்பது ஆண்டுகளாகக் களத்தில் நிற்பவர். என்னைப் போன்றவர்களுக்கு மேடை கிடைக்கக் காரணமானவர்களில் ஒருவர். "நம்மகிட்ட பறை இருக்கும்போது இந்தப் பெட்டி எதுக்கு தோழர்? இது பணக்கார வீட்டுப் பிள்ளைங்க பொழுதுபோக்கு இல்லையா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர், "அதுமட்டுமா, லீவு கிடைச்சா இடிஞ்ச சுவரு, மண்மேடுன்னு கெளம்பிடுறாராம்" என்று எடுத்துக் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

பேருந்தில் திரும்பும்போதுதான் பதில் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். இது அந்தப் பதில். கொஞ்சம் நீளம், தோழர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் அப்பா மைக் செட் போடுகிறவர். கள்ளக்குறிச்சிப் பக்கம் எங்கள் ஊர். தாத்தா சாவுக்குப் பறையடித்தவர். ஒரு தகராறுக்குப் பிறகு இனி யார் சாவுக்கும் அடிப்பதில்லை என்று எங்கள் தெருவே முடிவெடுத்தது. தாத்தா பறையைப் பரணில் ஏற்றிவிட்டுக் கரும்பு வெட்டப் போனார். அப்பா வளர்ந்ததும் கடன் வாங்கி ஒரு அகுஜா ஆம்ப்ளிஃபயரும் இரண்டு குழாய் ஸ்பீக்கரும் வாங்கினார். ஊர்த்தெருக் கல்யாணங்களுக்கும் கூப்பிடுவார்கள். பாட்டு மட்டும் பந்தலுக்குள் போகும். ஆம்ப்ளிஃபயரும் அப்பாவும் வெளியே மாட்டுக்கொட்டகை ஓரம். சாப்பாடு இலையில் கட்டி அங்கேயே வரும். மைக் கரகரத்தால் மட்டும், "டேய், உள்ள வந்து என்னன்னு பாருடா" என்று சத்தம் வரும். அப்பா ஸ்க்ரூ டிரைவரோடு நடுக்கூடம் வரைக்கும் போவார். சரிசெய்வார். வெளியே வந்துவிடுவார். அந்த வீடுகளுக்குள் அப்பா போனதெல்லாம் ரிப்பேருக்குத்தான்.

இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் டிப்ளமோ முடித்து அகமதாபாத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். தொழிற்சாலைகளின் கன்ட்ரோல் பேனல்களைச் சரிசெய்யும் வேலை. மணிநகரில் அறை எடுத்திருந்தேன். ஒரு காலத்தில் மில் வேலைக்குப் போன தமிழர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் வாழும் பகுதி அது. அங்கே இருக்கும்போதுதான் 'என்ஐடி டேப்ஸ்' என்ற பெயரில் 2023இல் வெளிவந்த இசைத்தொகுப்பைக் கேட்டேன். சபர்மதியின் மேற்குக் கரையில் பால்டியில் இருக்கும் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் இருந்து 1972 வரை பதிவான ஒலிகள் அவை. ராபர்ட் மூக் வடிவமைத்த மாடுலர் சிந்தசைசர் ஒன்று அமெரிக்காவிலிருந்து அங்கே வந்து இறங்கியது. டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக் கலைஞர் அதை நிறுவிக் கொடுத்தார். கீதா சாராபாய், ஐ.எஸ். மாதுர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் வேலை செய்தார்கள். பல பத்தாண்டுகள் காப்பகத்தில் தூங்கிய அந்த நாடாக்களை பால் பர்காஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர் வெளியே கொண்டுவந்தார்.

கேட்டு அசந்துபோனேன். 1969இல் நம் நாட்டில் சினிமாப் பாட்டுக்கு வெளியே, பஜனைக்கு வெளியே, எதற்கும் பயன்படாத, யாரையும் துதிக்காத ஒலி! மாதுரின் ஒரு பதிவில் தம்பூராவும் மின்சாரமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். ஜோஷிபுராவின் ஒரு பதிவு விண்கலத்தில் ஏறிப் போகிறது. அந்தக் கலைஞர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. இனி எழுதப் போவது அதைக் குறைக்காது.

மாடுலர் சிந்தசைசர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: ஆர்மோனியம் போல ஒரே கருவியாகக் கட்டி முடித்து வருவதில்லை இது. தனித்தனிப் பெட்டிகள். ஒன்று ஒலியைப் பிறப்பிக்கும், அதற்குப் பெயர் ஆஸிலேட்டர். ஒன்று அந்த ஒலியைச் செதுக்கும் ஃபில்டர். ஒன்று அதைக் கூட்டிக் குறைக்கும். எந்தப் பெட்டிக்கும் இன்னொரு பெட்டிக்கும் உள்ளே இணைப்பு கிடையாது. பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள் வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுவார்களே, அதேபோல நாம்தான் வயர் போட்டு இணைக்க வேண்டும். இணைக்காவிட்டால் சத்தமே வராது. ஒரு வோல்ட் கூட்டினால் ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே போகும், அவ்வளவுதான் கணக்கு. இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. ஒலியாக ஓடுவதும் மின்சாரம், அந்த ஒலிக்குக் கட்டளையிடுவதும் மின்சாரம். இன்றைக்கு ஒலியாக இருக்கும் பெட்டியின் வயரை எடுத்து இன்னொரு பெட்டியின் கட்டளைத் துளையில் செருகினால், அதுவே ஆணையிட ஆரம்பித்துவிடும். ஆணையிட்டுக்கொண்டிருந்தது அடுத்த நிமிடம் கேட்டு நடக்கும். மேலே இருக்கவேண்டிய பெட்டி, கீழே இருக்கவேண்டிய பெட்டி என்று எதுவும் கிடையாது.

சாதி ஒழிப்பைப் பற்றிப் படித்துவிட்டு இந்தக் கருவி முன்னால் உட்காரும் எவனுக்கும் அங்கே ஒரு மயக்கம் வரும். எனக்கு வந்தது.

பழைய மாடுலர் ஒன்றை நான் முதலில் தொட்டது வடோதராவில். ஓய்வுபெற்ற ஒருவர், அந்தக் காலத்தில் விளம்பரங்களுக்கு இசை போட்டவர், ரோலண்ட் சிஸ்டம் 100எம் வைத்திருந்தார். 1970களின் கடைசியில் ஜப்பானில் செய்யப்பட்டது. இருபது வருடமாக உயிரில்லாமல் கிடந்தது. என் கம்பெனி மூலமாக என்னைப் பற்றிக் கேள்விப்பட்டுக் கூப்பிட்டார். போனதும் முதல் கேள்வி, "உங்க அடக் என்ன?" குஜராத்தியில் அடக் என்றால் குடும்பப் பெயர். இல்லை என்றேன். அப்பா பெயரின் முதல் எழுத்துதான் என்றேன். அவருக்குப் புரியவில்லை, நாலு விதமாகத் திருப்பிக் கேட்டார். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள், அதனால் உங்களுக்கு இன்று சிரமம் என்று சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. கடைசியில், "சாப்பாட்டில் அசைவம் உண்டா?" என்று கேட்டுத் தனக்கு வேண்டியதைத் தெரிந்துகொண்டார். எனக்கு வந்த டீ பேப்பர் கப்பில் வந்தது.

நாலு ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் கருவியோடு உட்கார்ந்தேன். மின்வழங்கியில் கெப்பாசிட்டர்கள் ஊதிப்போயிருந்தன, மாற்றினேன். குமிழ்களைத் திருகினால் அப்பாவின் ஆம்ப்ளிஃபயர் போலவே கரகரத்தது. அப்பா செய்வதுபோலவே பிரித்துத் துடைத்தேன். நாலாவது ஞாயிறு சாயங்காலம் ஒரு ஆஸிலேட்டர் முனக ஆரம்பித்தது. ஃபில்டரைத் திறந்தேன். அடுத்ததை இணைத்தேன். இரண்டு ஒலிகளும் சற்றே விலகி நின்று ஒன்றோடொன்று துடித்தன. சுருதி சேரும் இடத்துக்கு வரும்போது துடிப்பு மெதுவாகி, மெதுவாகி, நிற்கும். அதை நிற்கவிடாமல் அந்த விளிம்பிலேயே வைத்துக்கொண்டு எத்தனை நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "ரிப்பேர் ஆகிவிட்டதல்லவா?" என்றார். ஆகிவிட்டது என்றேன். "பிறகு என்ன செய்கிறீர்கள்?"

என்ன பதில் சொல்ல? வாசிக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "டெஸ்ட் பண்றேன்" என்றேன்.

அந்த மனிதர் கெட்டவர் இல்லை. மாதம் ஒருமுறை வந்து கருவியைப் பார்த்துக்கொள்வதற்குக் கூலியாக அதை வாசிக்க விட்டார். எட்டு மாதம் போனேன். அவரிடமே நிறையக் கற்றுக்கொண்டேன். அவர் அடிக்கடி சொல்வது: "இதற்கு குரு கிடையாது, கரானா கிடையாது, பரம்பரை கிடையாது. யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம்." சொல்லிக்கொண்டே சாவியை எடுத்து அறையைப் பூட்டுவார். பிறகு நண்பர்களுக்கு அந்தக் கருவியைப் பற்றிப் பெருமையாக ஒரு கட்டுரை எழுதி அனுப்பினார். எனக்கும் அனுப்பினார். 'கருவி மீண்டும் உயிர்பெற்றது' என்று இருந்தது. யார் உயிர் கொடுத்தது என்று இல்லை.

இது புதிய கதை இல்லை என்பது தோழர்களுக்குத் தெரியும். மிருதங்கத்துக்கு மாட்டுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல் மூன்றும் வேண்டும். தோலைத் தேர்ந்து, பதம் பார்த்து, மூட்டி, வித்வான் கேட்கும் நாதத்தைக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் தலித் கிறித்தவர்கள். அவர்கள் கதையை டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலாக எழுதினார். வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அரங்கைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. நாதம் மேடையில், தோல் வாசலுக்கு வெளியே. குஜராத்தில் அந்தத் தோல் இன்னும் வெளிப்படையாகவே இரத்தம் கேட்கும். 2016 ஜூலையில் உனா அருகே, செத்த மாட்டின் தோலை உரித்த நான்கு தலித் இளைஞர்களைக் கட்டி வைத்து அடித்தார்கள். அதற்குப் பதிலாகத்தான் சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தின் முன்னால் செத்த மாடுகளைக் கொண்டுவந்து போட்டார்கள், அகமதாபாத்திலிருந்து உனா வரை நடந்தார்கள். உங்கள் மாடு, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பறையைப் பரணில் ஏற்றிய என் தாத்தாவுக்கு இது புரிந்திருக்கும்.

இப்போது மாடுலர் சிந்தசைசரைப் பாருங்கள். தோல் இல்லை. செத்த மாடு இல்லை. எச்சில் படும் நாதஸ்வரச் சீவாளி இல்லை. தீட்டு ஒட்டிக்கொள்ள இடமே இல்லாத கருவி. கீதா சாராபாய் பக்கவாஜ் கற்றவர். 1946இல் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்துவிட்டு அவரிடம் மேற்கத்திய இசை கற்றவர். பக்கவாஜும் தோல்தான். அந்தக் கையே தோலை விட்டு வயருக்கு வந்தது. அப்படியென்றால் 1969இல் இந்தியாவில் முன்னோர் யாரும் வாசித்திராத, முன்னோர் யாரும் தோல் உரித்துக் கொடுத்திராத ஒரு கருவி இருந்தது. அந்த அறையிலாவது சாதி ஒழிந்ததா?

அறைக்குள் யார் போனார்கள் என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். என்ஐடியை 1961இல் கட்டியெழுப்பியவர்களில் முக்கியமானவர்கள் கௌதம் சாராபாயும் கீரா சாராபாயும். கீதாவின் உடன்பிறந்தவர்கள். காலிகோ மில் குடும்பம். ஆற்றின் இந்தக் கரையில் அந்த அறை. மறுகரையில் கோம்திபூரிலும் ரக்கியாலிலும் மில்கள். பழைய பஞ்சாலைகளில் தறிப் பிரிவுக்குள் தலித்துகளை விடுவதில்லை. நாடாவில் நூல் கோக்கும்போது வாயால் உறிஞ்ச வேண்டும், எச்சில் படும் என்பதுதான் காரணம். கூலி அதிகம் தறிப் பிரிவில்தான். 1928 பம்பாய் வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கத் தலைவர்களின் முகத்துக்கு நேரே எழுப்பினார். அகமதாபாத்திலும் தலித்துகள் பெரும்பாலும் நூற்புப் பிரிவோடு நின்றார்கள். தறி இங்கிலாந்திலிருந்து வந்த இரும்பு எந்திரம். அதற்கு சாதி தெரியாது. வந்து இறங்கிய ஒரே தலைமுறையில் நாம் அதற்குச் சாதி கற்றுக்கொடுத்துவிட்டோம். அந்த ஊரில் மூக் சிந்தசைசர் மட்டும் எப்படித் தப்பிக்கும்? 1969 செப்டம்பரில் மில் தெருக்கள் மதக்கலவரத்தில் எரிந்தன. அரசுக் கணக்குப்படியே 660 பேர் செத்தார்கள். அதே ஆண்டுதான் மேற்குக் கரையில் ஆஸிலேட்டரைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. 'இந்தியாவின் மறைந்த மின்னணு இசை வரலாறு' என்று இன்று கொண்டாடும்போது ஒரு கரையை மட்டும் எழுதினால் அது பாதி வரலாறு. மூக்கின் பழைய ஆஸிலேட்டர்கள் வெயில் ஏறினால் சுருதி விலகும். அகமதாபாத் மே மாதத்தில் 43 டிகிரி சாதாரணம். அதை நாள்தோறும் பார்த்துச் சரிசெய்த கை யாருடையது என்று கேட்டுப் பழக வேண்டும். நாடு முழுக்க அதே காலத்தில் வால்வு ரேடியோவைப் பிரித்துப் போட்டு, ஆம்ப்ளிஃபயர் கட்டி, ஊளையிடும் மைக்கை அடக்கக் கற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கான என் அப்பாக்களையும் இந்த வரலாற்றில் எங்காவது சேர்க்க வேண்டும்.

இனி மண்மேட்டுக்கு வருகிறேன்.

லோத்தல் அகமதாபாத்திலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். மாடுலர் பழகிய அதே எட்டு மாதத்தில் மூன்று முறை போனேன். கூட வந்தவர் கோம்திபூர் நண்பர். அவருடைய அப்பா நூற்புப் பிரிவில் இருந்து மில் மூடியபோது வெளியே வந்தவர். வடோதரா அறையில் பழைய கருவி, லோத்தலில் பழைய செங்கல். இரண்டும் எனக்கு ஒரே வேலையாகத்தான் பட்டது. செத்துப்போனதாகச் சொல்லப்படும் ஒன்றை யார் செய்தார்கள், எப்படி வேலை செய்தது என்று பார்ப்பது. லோத்தல் என்றாலே குஜராத்தியில் செத்தவர்களின் மேடு என்றுதான் பொருள் சொல்கிறார்கள். எஸ்.ஆர். ராவ் தலைமையில் 1955 முதல் 1960 வரை தொல்லியல் துறை அங்கே தோண்டியது. 4,000 ஆண்டுகளுக்கு முந்தைய சிந்துவெளி நகரம். 200 மீட்டருக்கும் மேல் நீளமான, சுட்ட செங்கல் கட்டிய ஒரு பெரிய தொட்டி இருக்கிறது. கப்பல்துறை என்று ராவ் சொன்னார். இல்லை, நீர்த்தேக்கம் என்று சொன்னவர்களும் உண்டு. மேட்டுப் பகுதியில் வரிசையாகக் குளியல் மேடைகள். அவற்றிலிருந்து செங்கல் வாய்க்கால் இறங்குகிறது. கீழ்ப்பகுதியில் மணி செய்யும் பட்டறை.

முதல்முறை போனபோது ஒரு வழிகாட்டி பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வாய்க்காலைக் காட்டி, "உலகத்துக்கே சாக்கடை கட்டக் கற்றுக்கொடுத்தது நம் முன்னோர்" என்றார். எல்லோரும் படம் எடுத்தார்கள். என் நண்பர் மெதுவாக, "இதை யார் அள்ளினார்கள்?" என்று கேட்டார். வழிகாட்டி சிரித்தார். "தண்ணீர் தானாகவே போய்விடும் சார்." நண்பர் குனிந்து காட்டினார். வாய்க்கால் போய்ச் சேரும் இடத்தில் கழிவுக் குழி இருக்கிறது. குழி தானாக நிறையும், தானாகக் காலியாகாது. அவருடைய சித்தப்பா ஒப்பந்தக்காரரிடம் சாக்கடை அடைப்பு எடுக்கும் வேலை பார்க்கிறவர். பாதுகாப்புக் கருவி இல்லாமல் மலக்குழிக்குள் மனிதனை இறக்கக் கூடாது என்று 2013இல் சட்டம் வந்துவிட்டது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சித்தப்பா இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார். அதனால் நண்பருக்குக் குழிதான் முதலில் கண்ணில் படுகிறது.

சிந்துவெளியில் சாதி இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த எழுத்தையே இன்னும் படிக்க முடியவில்லை. ஆனால் மேடும் பள்ளமும் இருந்தன. குளிக்கிற இடம் ஒன்று, மணி துளைக்கிற இடம் ஒன்று என்று பிரிந்திருந்தது. கீழடியைப் பற்றி நம் மேடைகளில் பேசும்போதும் இந்தத் தயக்கம் எனக்கு உண்டு. பெருந்தெய்வச் சிலை கிடைக்கவில்லை என்பது முக்கியமான செய்திதான். சாமி இல்லாத நாகரிகம் என்ற பெருமிதம் பார்ப்பனியக் கதைகளுக்கு நல்ல அடிதான். அந்த வேகத்தில், அந்தச் செங்கலைச் சுட்டவனும் அதன்மேல் குடியிருந்தவனும் சமமாக இருந்தார்கள் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். மண்ணுக்கு அடியில் ஒரு சமத்துவபுரம் இருந்துதான் ஆகவேண்டுமா நமக்கு? இல்லாவிட்டால் இன்று சமத்துவம் கேட்க உரிமை இல்லையா?

இரண்டாவது முறை போனபோது மணிப் பட்டறையிலேயே நின்றுவிட்டேன். சூதுபவளம். சிவப்புக் கல். தீயில் சுட்டால் சிவப்பு ஏறும். பிறகு உடைத்து, தேய்த்து, நடுவில் துளை போட வேண்டும். மயிரிழை போன்ற துளை. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் முத்திரைகளும் மணிகளும் இருக்கின்றன. முத்திரையில் எழுத்து இருக்கிறது, யாருடைய பெயரோ. மணியில் எழுத்து இல்லை. துளை மட்டும் இருக்கிறது. அந்தத் துளையைப் பார்க்கும்போது வடோதராக்காரர் எழுதிய கட்டுரை நினைவுக்கு வந்தது. பழைய அகழாய்வுப் படங்களில் குழிக்குள் ஒருவர் நிற்பார் பார்த்திருக்கிறீர்களா? ஆழம் தெரிவதற்காக நிறுத்தி வைத்திருப்பார்கள். படத்துக்குக் கீழே குழியின் எண் இருக்கும். இப்போது லோத்தலில் தேசியக் கடல்சார் பாரம்பரிய வளாகம் பிரம்மாண்டமாக எழும்பிக்கொண்டிருக்கிறது. அங்கேயும் மண் சுமப்பவர்கள் தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள். மன்னர்களின் கப்பலுக்கு இடம் ஒதுக்கியவர்கள் கூடை சுமந்தவர்களுக்கும் ஒரு சுவர் ஒதுக்கட்டும்.

மணி செய்யும் தொழில் லோத்தலோடு சாகவில்லை. வளைகுடா ஓரம் காம்பாத் ஊரில் இன்றும் நடக்கிறது. ரதன்பூர் பக்கத்துச் சுரங்கக் கல்லைச் சுடுகிறார்கள், உடைக்கிறார்கள், தேய்க்கிறார்கள். அகீக் என்று பெயர். கீழடியிலும் கொடுமணலிலும் கிடைத்த சூதுபவள மணிகளுக்கு இந்த மேற்குப் பக்கத்துக் கல்லோடு உறவு சொல்கிறார்கள். மூன்றாவது முறை லோத்தலில் இருந்து அப்படியே காம்பாத் போனோம். ஒரு வீட்டுக்குள்ளேயே தேய்ப்புச் சக்கரம். கதவு, கயிற்றுக்கட்டில், சோற்றுப்பானை எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூசு. அந்தத் தூசு சிலிக்கா. நுரையீரலில் போய் உட்கார்ந்தால் சிலிக்கோசிஸ். திரும்பி வராது. காசநோய் என்று நினைத்து மருந்து சாப்பிட்டே செத்தவர்கள் நிறையப் பேர். வீட்டுக்குள் நடக்கும் வேலை என்பதால் தொழிற்சாலைச் சட்டத்தின் பாதுகாப்பு இவர்களுக்கு எட்டுவதில்லை. 4,000 ஆண்டுத் தொடர்ச்சி என்று அருங்காட்சியகங்கள் கொண்டாடுவது இவர்களைத்தான்.

சக்கரத்தின் ஒலியைப் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும், பேசும்போது நடுவில் நின்று மூச்சு வாங்கினார். அதற்குள் நானே கிட் வாங்கிப் பற்றவைத்த சின்ன மாடுலர் பெட்டி ஒன்று பையில் இருந்தது. சக்கரத்தின் சத்தத்தை அதற்குள் கொடுத்து ஃபில்டரை மெதுவாகத் திறந்தேன். கல் உராயும் இரைச்சலுக்குள்ளேயே ஒரு ஸ்வரம் ஒளிந்திருந்தது. சக்கரத்தின் வேகம் குறையும்போது அது வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஹெட்போனை அவரிடம் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டார். குமிழைக் காட்டி, திருகட்டுமா என்று சைகையில் கேட்டார். திருகினார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். எதையும் டெஸ்ட் பண்ணவில்லை அவர். வாசித்துக்கொண்டிருந்தார். பிறகு ஹெட்போனைக் கழற்றி, தன் சட்டையால் இரண்டு காதுப்பக்கத்தையும் நன்றாகத் துடைத்து என்னிடம் நீட்டினார். தூசு ஒட்டியிருக்கும் என்பதற்காகத் துடைத்தாரா, தான் தொட்டதற்காகத் துடைத்தாரா? கேட்கவில்லை.

மூத்த தோழருக்கு: பறை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. இழிவு என்று திணிக்கப்பட்டதை எடுத்து நெஞ்சுக்கு நேரே பிடித்து அடித்தவர்கள் எனக்கும் முன்னோடிகள். ஆனால் அதைப் பரணில் ஏற்றிய என் தாத்தாவும் இயக்கத்தில்தான் இருந்தார். ஒரு தலித் பையன் இசை என்று வாயெடுத்தாலே பறையைக் கையில் கொடுப்பதில் ஊர்க்காரனும் நாமும் ஒத்துப்போகிறோமே, அதை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். பயனில்லாத ஒலியை எழுப்புவதும், காரணமில்லாமல் ஒரு மண்மேட்டில் அரைநாள் நிற்பதும் யாருக்கு அனுமதிக்கப்பட்டிருக்கிறது? மற்றவர்களுக்கு அது ரசனை. நமக்கு மட்டும் எல்லாமே ஒன்று கூலியாக இருக்க வேண்டும், இல்லை போராட்டமாக இருக்க வேண்டும். சாதி என்பது வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்தது என்று 1936இல் அம்பேத்கர் எழுதினார். ஓய்வையும் அது அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது.

பணக்கார வீட்டுப் பொழுதுபோக்கு என்பதில் உண்மை உண்டு, மறுக்கவில்லை. வெளிநாட்டுக் கம்பெனிப் பெட்டி ஒன்று வாங்கினால் என் இரண்டு மாதச் சம்பளம் போய்விடும். ஆனால் உள்ளே இருப்பது என்ன? கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் டிரான்சிஸ்டர், கெப்பாசிட்டர், ரெசிஸ்டர். மூக்கின் புகழ்பெற்ற ஃபில்டரே ஏணிப்படி மாதிரி அடுக்கிய டிரான்சிஸ்டர்கள்தான். சர்க்யூட் வரைபடங்கள் வெளியே கிடைக்கின்றன. மைக் செட்காரர் மகனுக்கு அதைப் படிக்கத் தெரியும். நம் படிப்பகங்களில் கேரம் போர்டு வாங்குகிறோம், செஸ் போர்டு வாங்குகிறோம். ஒரு மேசை, ஒரு மின்வழங்கி, நாலு மாடுல் வைத்துவிட்டால் என்ன? பூட்டாத அறையில்.

எங்கள் தெருப் படிப்பகத்தில் அடுத்த மாதத்திலிருந்து ஞாயிறு மதியம் ஆரம்பிக்கிறோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அதில் நாலு பேர் பெண்கள். அப்பா சொல்லிக்கொடுக்க வருகிறார். "ஒண்ணு சொல்லிடுறேன்டா தம்பி, நான் ஈயம் வெச்சுக் குடுத்து அதுங்க வாசிக்கறதுன்னா நான் வரல. அதுங்களே வெக்கட்டும்" என்றிருக்கிறார். எட்டு சால்டரிங் அயர்ன் வேண்டும், இதுவரை மூன்று கிடைத்திருக்கிறது. மூத்த தோழரையும் முதல் நாளுக்குக் கூப்பிட்டிருக்கிறேன். வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை.